தளவாய் நடந்த நடை

கொன்றையூர் ராஜா மாணிக்கராயருக்குப் பக்கத்துச் சீமையோடு ஒரு வீம்பு. ஆடித் திருவிழாவில் இரண்டு சீமையிலும் தபால் சுமந்து ஓடும் அஞ்சல்காரர்கள் மணி கட்டிய ஈட்டியோடு மலைக்கோயில்வரை ஓடுவார்கள். போன தடவை கொன்றையூர் தோற்றது. அன்றிலிருந்து ராஜாவுக்குச் சாப்பாடு ருசிக்கவில்லையாம். ஆனாலும் குறையாமல்தான் சாப்பிட்டார்.

இந்த நேரம் பார்த்து, சீமையிலேயே நல்ல ஓட்டக்காரனான அஞ்சல்காரன் சுடலைக்கண்ணுவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "திருவிழாவுக்குள் ஆறிவிடும். அதுவரை ஓடிப் பழகக்கூடாது" என்று சொல்லிவிட்டார் வைத்தியர்.

தளவாய் வீரபத்திரர் முந்திக்கொண்டார். "பழகாதவன் எப்படி ஜெயிப்பான், மகாராஜா? ஈட்டியை என் மைத்துனனிடம் கொடுங்கள்."

ஈட்டி போனால் சுடலைக்கண்ணுவின் பிழைப்பும் போயிற்று. ராஜா மீசையைத் தடவிக்கொண்டே சபை விகடன் வெண்காடனைப் பார்த்தார்.

"இவன் ஓடக்கூடாது. ஆனால் ஓடிப் பழகினவன்போல மூச்சும் காலும் தேற வேண்டும். முடியுமா?"

"உத்தரவு, மகாராஜா" என்றான் வெண்காடன். எப்படியென்று அவனுக்கே அப்போது தெரியாது. ஆனால் சுடலைக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தபின் முடியாதென்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் வெண்காடன் தன் தலைப்பாகையை இரண்டாகக் கிழித்தான். சுடலைக்கண்ணுவின் தொடைகளில் இறுக்கமாக, ஆனால் கால் மரத்துப்போகாமல் கட்டினான். குளக்கரையில் மெதுவாக நடக்கவிட்டான். கொஞ்சம் நடை, கட்டை அவிழ்த்து ஓய்வு, மறுபடியும் நடை. தினமும் இதே பாடு.

தளவாய் சபைக்கு ஓடி வந்தார். "அநியாயம், மகாராஜா! விகடன் கைதிபோலக் காலைக் கட்டியிருக்கிறான். சுடலைக்கண்ணுவும் புதுமாப்பிள்ளை மாதிரி சும்மா உலாத்துகிறான்!"

ராஜா வெண்காடனைக் கூப்பிட்டு அதட்டினார். "என்ன கூத்து இது?"

"மல்லர்களிடம் பார்த்த வித்தை, மகாராஜா. தொடையைக் கட்டினால் ரத்த ஓட்டம் குறையும். மெதுவாக நடந்தாலும் மலையேறுவதாகக் கால் நினைத்துக்கொள்ளும். ஏமாற்றுதான். ஆனால் ஏமாறுவது அவன் கால் மட்டும்தானே!"

"இதை யார் நம்புவது?"

"தளவாய் தினமும் மலையேறுகிறவர். அவர் சும்மா உலாத்திப் பார்த்துச் சொல்லட்டுமே."

தளவாய் மார்பைத் தட்டிக்கொண்டு கட்டச் சொன்னார். சபையைச் சுற்றி நடந்தார். முதல் சுற்றில் சிரித்தார். அடுத்த சுற்றில் சிரிப்பைக் காணோம். பிறகு வியர்த்தது, மூச்சு இரைத்தது.

"ஐயோ, தொடை எரிகிறதே! மலையேறினால்கூட இப்படி இருக்காது! அவிழ்த்துவிடப்பா!"

"எதற்கு அவசரம், தளவாயவர்களே? சும்மாதானே உலாத்துகிறீர்கள்?"

சபை கொல்லென்று சிரித்தது. வெண்காடன் கட்டை அவிழ்த்துவிட்டான். ஈட்டி சுடலைக்கண்ணுவிடமே இருந்தது.

திருவிழாவன்று பக்கத்துச் சீமைக்காரன் பாதிமலையில் நின்று மூச்சு வாங்கினான். சுடலைக்கண்ணுவின் ஈட்டி மணியோ மலைக்கோயில் வாசலில் கணகணவென்று ஒலித்தது. கேட்ட வெண்காடனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ராஜா மனம் குளிர்ந்து தன் பட்டுச் சால்வையை எடுத்து வெண்காடனிடம் கொடுத்தார். "கிழித்த தலைப்பாகைக்குப் பதில் இது!"

வெண்காடன் கும்பிட்டு வாங்கிக்கொண்டான். தலையில் கட்டலாமென்று அதை நீளவாக்கில் மடிக்க ஆரம்பித்தான்.

அவ்வளவுதான். தளவாய் இரண்டு தொடையையும் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்!