நிஷிமே வச்ச மாப்பிள்ளை

ஒரு ஊர்ல ரொசாரியோன்னு ஒருத்தன் இருந்தான். தூத்துக்குடிதான், துறைமுகத்துப் பக்கம். அவன் தன் பொண்டாட்டியை உசுரோட கடைசியாப் பார்த்தது ஒரு பஸ் ஜன்னல்ல. எங்கம்மா கஞ்சியில உப்பை அள்ளிக் கொட்டிராத, உன் கை சும்மா இருக்காதுன்னு கிண்டல் பண்ணிட்டுப் போனா. பஸ் புர்ருனு கிளம்புச்சு. அப்புறம் ஒரு பாலத்துல கவுந்துருச்சு.

ம் கொட்டு.

ம்.

அவ பேரு ஹனாயே, ஜப்பான்காரி. கப்பல் வேலைக்குப் போனப்போ கட்டிக்கிட்டு, அவ அம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டான். அந்தம்மாவுக்குக் கண்ணு போயிருச்சு, நெஞ்சும் பலவீனம். மக செத்ததைக் கேட்டா இவங்களும் போயிருவாங்க, அப்புறம் வீட்டுல நான் மட்டும்தான்னு அவனுக்குப் பயம். அதனால அழ வந்த பொம்பளைங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டான். ஹனாயே மெட்ராசுல வேலையா இருக்கா, வருஷப் பிறப்புக்கு வந்துருவான்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டான்.

ஜனவரி ஒண்ணு, வருஷப் பிறப்பும் வந்துருச்சு. அன்னிக்கு ஹனாயே எப்பவும் நிஷிமே வைப்பா, அவங்க ஊரு பண்டிகைக் கூட்டு. தாமரைக் கிழங்கு, சேப்பங்கிழங்கு, காளான், பூவாட்டம் வெட்டின கேரட். எல்லாத்தையும் தனித்தனியா, சோயா சாஸும் கொஞ்சம் சர்க்கரையும் விட்டு வேகவைக்கணும். அதை அவ கைப்பக்குவத்துல வச்சுக் குடுத்து, நீங்க தூங்கினப்போ வந்து சமைச்சுட்டுப் போயிட்டான்னு சொல்லிரலாம். அப்படி நினைச்சான் பாவி.

அப்போ அடுப்பைப் பத்த வச்சான். பழக்க தோஷம், கை தானா கடுகை அள்ளிப் போட்டுச்சு. படபட படபட. கறிவேப்பிலை சொய்ங். வீடெல்லாம் நம்ம ஊரு பொரியல் வாசம். கொட்டிட்டான்.

அப்புறம் ரெண்டாந்தரம். எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டு, கரண்டியால கிண்டு கிண்டுன்னு கிண்டினான். சேப்பங்கிழங்கு கொழகொழன்னு கூழாப் போச்சு. அதையும் கொட்டிட்டான்.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

மூணாந்தரம் கிண்டவே இல்லை. தனித்தனியா வேகவச்சான். குமிழ் குமிழா, புளுக் புளுக். ஆறினாத்தான் ருசி உள்ள இறங்கும்னு அவ சொல்லுவாளே, அதனால ஆறவிட்டுக் காத்திருந்தான். அப்புறம் ஒரு துண்டை வாயில போட்டான். அவ வச்ச மாதிரியே இருந்துச்சு.

கொண்டு போய்க் குடுத்தான். ஹனாயே வந்தா அத்தை, சமைச்சுட்டு அவசரமாக் கிளம்பிட்டான்னான். அந்தம்மா ஒரு துண்டு தாமரைக் கிழங்கை எடுத்து, அதோட ஓட்டையெல்லாம் விரலால தடவிப் பார்த்தாங்க. வாயில வைக்கலை. தட்டை அவன் பக்கமாவே தள்ளிட்டாங்க.

“மாப்ளே, சாவு வீட்டுல வருஷப் பிறப்புச் சமையல் வைக்க மாட்டாங்க. ஒரு வருஷம் பண்டிகை கிடையாது.”

“அத்தை…”

“கண்ணுதான் போச்சு. வாசல்ல அழுதது கேட்டுச்சு. நீயே சொல்லுவேன்னு இருந்தேன்.”

அவங்க ஊர்லயும் நம்ம ஊரு மாதிரியேதானாம். அது கூடத் தெரியாம அவளோட குடித்தனம் பண்ணிருக்கேனேன்னு நினைச்சான். இத்தனை நாள் அந்தம்மா தனியா அழுதுருக்காங்க, சுவத்துக்கு இந்தப் பக்கம் இவன் தனியா. இப்போ சேர்ந்து அழலாம்னா, அந்தம்மாவுக்குக் கண்ணீர் மிச்சமில்லை. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. இவன் தட்டைக் கையில வச்சுக்கிட்டு நின்னான்.

அந்த வீட்டுல அப்புறம் இருந்தது ரெண்டு பேர், தனித்தனியா.

கதை கரைக்கு வந்துருச்சு. கண்ணை மூடு.