காற்றின் கண்

கதைக்கு முன் ஒரு சொல்லையும் ஒரு வழக்கத்தையும் அறிந்துகொள்ள வேண்டும்.

'விண்டோ' என்னும் ஆங்கிலச் சொல் ஜன்னலைக் குறிக்கும். சீட்டு வாங்கும் இடத்தையும், கணினித் திரையின் கட்டத்தையும், ஒரு காரியத்துக்கு வாய்க்கும் சிறுபொழுதையும்கூடக் குறிக்கும். பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த அதன் மூலப்பொருள் 'காற்றின் கண்'. தமிழோ காற்றையும் கண்ணையும் தனித்தனியே வைத்தது: காற்றின் வழி காலதர், பல கண் உடையது பலகணி.

வழக்கம் இது: அடைப்பு எனப்படும் ஆகாத நட்சத்திரத்தில் ஒருவர் இறந்தால், ஆவி திரும்பி வராதிருக்க உடலை வாசல் வழியே எடுக்காமல் சுவரை இடித்து எடுப்பார்கள். உயிர் பிரிந்த அறையைச் சில மாதங்கள் பூட்டிவைப்பார்கள்.

மாயவரத்தில் வைத்திலிங்கம் மூச்சிரைப்பு நோயால் அப்படியொரு நட்சத்திரத்தில் இறந்தார். இறக்குமுன் மனைவி மங்களத்திடம் வாக்கு வாங்கினார்: "ஜன்னலை மட்டும் சாத்திடாதே."

கொல்லைச் சுவரை இடித்து உடலை எடுத்தார்கள். கொத்தனார் அன்றே அதை அடைத்தார். கதவு பூட்டப்பட்டது. சந்துப் பக்கம் பார்த்த ஜன்னல் மட்டும் திறந்தே இருந்தது.

எதிர்வீடு வைத்திலிங்கத்தின் தம்பி தட்சிணாமூர்த்தியுடையது. அவர் மகள் தேன்மொழி நிறைமாதக் கர்ப்பிணி. அவள் கட்டிலுக்கு நேரெதிரே அந்த ஜன்னல். ஒரு நண்பகலில், "பெரியப்பா என்னையே பாக்கறாருப்பா!" என்று அலறினாள். அதன்பின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தட்சிணாமூர்த்தி பலகையும் சுத்தியலுமாக வந்தார்.

"அண்ணி, அடைப்புன்னா முழுசா அடைக்கணும். உங்க வாக்குக்கு என் பொண்ணைப் பலி குடுக்கவா?"

மங்களம் ஜன்னல் சட்டத்தின்மீது கையை வைத்தாள். "அவருக்கு மூச்சு முட்டும், தம்பி. ஆணியை என் கையில அடிங்க."

மங்களத்தின் மகள் உமையாள், தந்தையின் மெல்லிய மல் வேட்டியைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு வெளியே கட்டினாள்.

"காத்து போகும் சித்தப்பா. பார்வை போகாது."

"வேட்டி வேற குடுத்துட்டியா? இனி உங்கப்பா வெளியவே கிளம்பிடுவாருடி!"

வேட்டி வெளிப்புறமாகப் புடைத்தது, தணிந்தது, மீண்டும் புடைத்தது. சந்தில் காற்றே இல்லை. ஆயினும் உமையாள் அதை அவிழ்க்கவில்லை.

வாக்கைக் காத்த மங்களம், மகளைக் காக்க வந்த தட்சிணாமூர்த்தி, வேட்டியைக் கட்டிய உமையாள்: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: உமையாள். இறந்தவர் வேண்டியது காற்று. தேன்மொழி அஞ்சியது கண். மற்ற இருவரும் ஒன்றுக்காக மற்றொன்றை இழக்கத் துணிந்தனர். அவள் இரண்டையும் பிரித்தாள்.

பின்னர் உறுதியானவை: அன்று மாலையே தேன்மொழி சோறுண்டாள், சுகமாகப் பெண் பெற்றாள். கொத்தனார் அவசரத்தில் சாந்து பூசாமல் செங்கல்லை வெறுமனே அடுக்கியிருந்தார். கொல்லைக் காற்று அந்த இடுக்கில் புகுந்தது. வேட்டி புடைப்பது அதனால்தான் என்று அதையும் பூசி அடைத்தார்கள். அப்போதும் புடைப்பது நிற்கவில்லை. மாதங்கள் கழிந்து அறையைத் திறந்த அன்று, மழைக்காற்று சந்து முழுவதையும் உலுக்கிக்கொண்டிருந்தபோது, வேட்டி அசையாமல் தொங்கியது.