ஓரத்தில் இருந்த பைகள்

கடையநல்லூரில் ஷமீமாவின் ஸ்டுடியோவுக்கு வேலை கற்க வருகிறவர்களில் வயதில் மூத்தவள் சண்முகவடிவு. அவளுக்கு ஐம்பத்து மூன்று, ஷமீமாவுக்கு இருபத்தெட்டு. ஆனாலும் வடிவு அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு, இத்தனை வருடம் கழித்து அப்படிக் கூப்பிட ஓர் ஆள் கிடைத்ததில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

வந்த காரணம் குற்றாலம். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு குடும்பமாகப் போய் வந்தார்கள், பன்னிரண்டு பேர். எடுத்த போட்டோ ஒன்றும் சரியில்லை. சிலது இருட்டு, சிலது சாய்வு. பம்பாய் நாத்தனார் அனுப்புகிற படமெல்லாம் காலண்டர் மாதிரி இருக்கும். அவள் பார்க்கிற வாட்ஸ்அப் குழுவில் இதையெல்லாம் எப்படிப் போடுவது என்று வடிவுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஷமீமா அதிகம் பேச மாட்டாள். வெளிச்சத்தைக் கூட்டுவது, சாய்ந்ததை நிமிர்த்துவது, வேண்டாததை வெட்டுவது என்று மூன்றே பாடம். ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். படத்தில் கை வைக்கும் முன்னால், மூலையில் ஆரம்பித்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் வடிவு ஒரு படத்தை ஷமீமாவின் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு எல்லோரும் வரிசையாக நிற்கிற படம்.

"மூலையிலிருந்து சொல்லுங்க வடிவம்மா."

"நடுவுல எங்க வீட்டுக்காரர். பக்கத்துல நான். இது மகன், இது மருமக."

"மூலையிலிருந்து."

வடிவு இடது ஓரத்தைப் பார்த்தாள். மரநிழல் விழுந்து கருப்பாக இருந்தது.

"அங்க ஒண்ணுமில்ல டீச்சர். குப்பை."

"என்ன குப்பை?"

"பை, செருப்பு, மாத்துத்துணி. அதைத்தான் வெட்டணும்."

ஷமீமா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எப்படி வெட்டணும்னு காட்டுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஷமீமா காட்டினாள். வெட்டும் முன்னால் நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். வடிவு தலையை ஆட்டினாள். நகலுக்கெல்லாம் அவள் செல்போனில் இடம் ஏது?

இரண்டு மத்தியானம் உட்கார்ந்து நாற்பத்தொரு படத்தையும் சரி பண்ணினாள். எதை எடுத்தாலும் ஓரத்தில் அந்தப் பைக்குவியல். வெட்ட வெட்டப் படம் பளிச்சென்று ஆனது. பழையதை அழித்துவிட்டுப் புதியதைக் குழுவில் போட்டாள்.

'ஸ்டுடியோக்காரனையே கூட்டிட்டுப் போனீங்களா மதினி?' என்று நாத்தனார் எழுதியிருந்தாள். அந்த வரியை வடிவு எத்தனை தடவை வாசித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பக்கத்து வீட்டில் இருக்கும் ஆவுடையும் எழுதியிருந்தாள். வடிவின் கொழுந்தன் பெண்டாட்டி. 'எல்லாரும் அழகா இருக்கீங்க அக்கா.' அதை வடிவு ஒரு தடவைதான் வாசித்தாள்.

நாலு நாள் கழித்து, உறை மோர் வாங்க ஆவுடை வந்தாள்.

"எங்க ஊருக்குப் போயிருந்தேன்க்கா. படுக்கையில கெடக்க எங்கம்மாட்ட குற்றாலத்துப் படத்தையெல்லாம் காட்டினேன். ஒவ்வொண்ணாப் பார்த்தா. கடைசியில, ஏட்டி, அப்ப நீ போகலையான்னு கேக்கா."

சொல்லிவிட்டு ஆவுடை சிரித்தாள். வடிவும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்தினாள்.

"நீ என்ன சொன்ன?"

"காய்ச்சல்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல?"

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். "தை மாசம் திருச்செந்தூர் போகணும்னு பேசிக்கிடுதாங்க. நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கக்கா. நான் வீட்டைப் பாத்துக்கிடுதேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் வடிவு பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். சண்டையில் அவள் தோற்றதில்லை. ஆவுடை சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவள் போன பிறகு வடிவு செல்போனை எடுத்து நாற்பத்தொரு படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரே ஒரு படத்தின் விளிம்பில் ஆவுடையின் மஞ்சள் சேலை ஓரம் தெரிந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஸ்டுடியோ திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றாள்.

"வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியுமா டீச்சர்?"

"நகல் இருக்கா?"

"இல்ல."

"அப்ப முடியாது."

வடிவு நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"ஒரே ஒரு படம் போதும் டீச்சர். அவ அம்மா கண்ணை மூடுறதுக்குள்ள காட்டணும். தன் மகளும் போயிருந்தாள்னு அந்த அம்மாவுக்குத் தெரியணும். நானே பஸ் ஏறிப் போய்க் காட்டுவேன்."

ஷமீமா கம்ப்யூட்டரைத் திறந்தாள். முதல் நாள் படம் வந்தது.

"இது மட்டும் இருக்கு. அன்னைக்கு நீங்க அனுப்பினது."

வடிவுக்கு மூச்சு வந்தது. ஆனால் உடனேயே வேறொன்று மனதில் பட்டது.

"அந்த ஓரத்துல ஒரு ஆள் இருக்குன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்" என்றாள் ஷமீமா. "ரெண்டு தடவை கேட்டேன். மூணாவது தடவையும் கேட்டிருக்கணும்."

பிறகு நிழல் விழுந்த பக்கத்தில் மட்டும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். கருப்பு சாம்பலாகி, சாம்பல் விலகி, உள்ளே இருந்தது துலங்கியது.

"இப்ப மூலையிலிருந்து சொல்லுங்க."

வடிவு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"பை. ஏழு பை. அப்புறம் செருப்பு."

"எத்தனை?"

"பதினோரு சோடி." எண்ணிவிட்டுச் சொன்னாள். "நாங்க உதறிப் போட்டுட்டு ஓடினோம். இவ சோடி சேத்து அடுக்கி வச்சிருக்கா."

"அப்புறம்?"

"ஆவுடை. மஞ்சச் சேலை. புதுசு. குற்றாலத்துக்குன்னே எடுத்தா."

"நனைஞ்சிருக்கா?"

வடிவு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். வரிசையில் நின்ற எல்லோருக்கும் துணி உடம்போடு ஒட்டியிருந்தது. ஆவுடையின் சேலை காற்றில் உப்பியிருந்தது.

"காஞ்சிருக்கு."

"குளிக்கலையா அவங்க?"

வடிவு யோசித்தாள். மூன்று மணி நேரம் அருவியில் ஆடினார்கள். நடுவில் யாராவது வந்து, நீ போய்க் குளி, நான் பார்த்துக்கிடுதேன் என்று சொல்லியிருப்பார்கள். மகன் சொன்னானா? மருமகளா? கொழுந்தனார்? ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். எல்லோரும் தண்ணீருக்குள்தான் நின்றார்கள்.

"யாராவது மாத்திவிட்டிருப்பாங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

ஷமீமா ஆவுடையின் கையைப் பெரிதாக்கினாள். முந்தானை நுனியில் ஒரு முடிச்சு. அதை நெஞ்சோடு சேர்த்து இறுகப் பிடித்திருந்தாள்.

"அது என்ன?"

வடிவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"என் சங்கிலி. வளையல் நாலு. தண்ணியில போயிரும்னு கழட்டி அவகிட்ட கொடுத்தேன்." நிறுத்திவிட்டு, தனக்கே சொல்வது போலச் சொன்னாள். "எங்க வீட்டுல வேற யாரை நம்பிக் கொடுக்க?"

வடிவு நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"டீச்சர், இவளை நடுவுக்குக் கொண்டுவர முடியுமா? எனக்கும் அவருக்கும் நடுவுல. இப்படி ஓரத்துல நிக்கிறதை எப்படி அவ அம்மாகிட்ட காட்ட?"

"முடியும். அஞ்சு நிமிஷ வேலை."

"அப்படியே செஞ்சிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஷமீமா மௌஸைப் பிடித்து ஆவுடையைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தாள். பாதியில் கையை எடுத்துவிட்டாள்.

"இவங்க நடுவுக்கு வந்துட்டா" என்று கேட்டாள், "பைகிட்ட யார் நிப்பாங்க வடிவம்மா?"