கூட்டத்துக்கு வழி

குடியை விட ஒரு மந்திரம் வேண்டும் என்று வைரவன் ஆசிரமத்துச் சாமியிடம் வந்து நின்றார். லாரி ஆபீஸ் நடத்துகிறவர். சாமியைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் காலில் விழுந்தார்.

"மகளுக்குத் தை மாசம் கல்யாணம் சாமி. 'குடிக்கிற கையால நீங்க என்னைத் தாரை வார்க்க வேண்டாம், சித்தப்பா செய்யட்டும்'னு சொல்லிட்டா. எனக்கு ஒரே பொண்ணு."

சொல்லும்போதே அழுதார். அழுகிறவர்களைச் சாமி பொறுத்துக்கொள்வார். மந்திரம் கேட்கிறவர்களைக் கண்டால்தான் அவருக்கு ஆகாது.

"மந்திரமெல்லாம் எங்கிட்ட இல்ல. குடியை விட்டவங்களும் விட நினைக்கிறவங்களும் ஒண்ணா உக்காந்து பேசுற கூட்டம் ஒண்ணு டவுன்ல நடக்குது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம். சந்தைப்பேட்டைப் பக்கம்னு கேள்வி. போர்டு எதுவும் இருக்காது. விசாரிச்சுப் போங்க."

திங்கட்கிழமை வைரவன் ஒரு சால்வையோடு வந்தார்.

"என்ன இது?"

"கட்சிக் கூட்டம் சாமி. மேடையில ஏத்திப் போத்திட்டாங்க."

"நான் அங்கயா போகச் சொன்னேன்?"

"பெட்டிக்கடையில கூட்டம் எங்க நடக்குதுன்னு கேட்டேன். அவன் அங்க கையைக் காட்டினான்."

"என்ன கூட்டம்னு சொன்னீங்களா?"

வைரவன் சால்வையை மடிப்பதில் மும்முரமானார்.

மறுவாரம் வந்தபோது விரலில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"நோயாளிங்க கூடுற இடம் எதுன்னு நாசூக்கா விசாரிச்சேன் சாமி. முகாமுக்கு அனுப்பிட்டாங்க. குத்தி ரத்தம் எடுத்துட்டாங்க. சர்க்கரை இருக்காம்."

"அதாவது தெரிஞ்சுதே" என்றார் சாமி. நாசூக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குப் பல்லைக் கடிக்கவேண்டியிருந்தது.

அதற்கடுத்த முறை வைரவன் கையில் எதுவும் இல்லை. வாயில் வாடை இருந்தது.

"தேடித் தேடிச் சலிச்சுப் போச்சு. அப்படி ஒரு கூட்டமே கிடையாது சாமி. சும்மா கதை கட்டிவிட்டிருக்காங்க."

"குடிக்கிற கடை மட்டும் எப்படிக் கெடைச்சுது?"

"ஆட்டோக்காரர்கிட்ட கேட்டேன்."

"என்னன்னு?"

"கடை எங்கன்னு."

"என்ன கடைன்னு அவர் கேக்கலையா?"

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுமே சாமி."

சாமி தலையில் அடித்துக்கொண்டார். ஆசிரமத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"அதைக் கேக்க வாய் வருது. இதைக் கேக்க வரலையா?"

"சந்தைப்பேட்டையிலதான் சாமி, எங்க சம்பந்தி வீடு."

"நீங்க குடிக்கிறது அவங்களுக்குத் தெரியாதா?"

"நிச்சயதார்த்தத்தன்னைக்குப் பந்தியிலயே விழுந்தேனே. எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் எதைய்யா மறைக்கிறீங்க?"



"விடப்போறதை" என்றார் வைரவன். "குடிக்கிறவனைப் பாத்து யாரும் சிரிக்கிறதில்ல சாமி, பழகிடுச்சு. விடறேன்னு சொல்லிட்டு மறுபடி குடிக்கிறவனைப் பாத்துத்தான் சிரிப்பாங்க. என் பொண்ணும் சிரிச்சுட்டா தாங்கமாட்டேன்."

சாமிக்கும் அது வலித்தது. ஞாயிற்றுக்கிழமை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார். பின்னால் வைரவன்.

சந்தைப்பேட்டை முனையில் ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருந்தார். சாமி நேராக அவரிடம் போய் நின்றார்.

"ஏம்மா, குடியை விடமுடியாமத் தவிக்கிறவங்க கூடிப் பேசுவாங்களாமே, அது எந்த இடம்?"

பூக்காரம்மா சாமியின் காவி வேட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"அடப் பாவமே! சாமியுமா குடிக்கிறீங்க?"

சாமி மறுக்கவில்லை.

வைரவன் சாமியின் துண்டைப் பிடித்து இழுத்தார். "இல்லைன்னு சொல்லுங்க சாமி."

பூக்காரம்மா பக்கத்து வண்டிக்காரியைக் கூப்பிட்டார். "இந்தக் கொடுமையப் பாரு வேலம்மா. காவி கட்டினவருக்கே விடமுடியலையாம்!" வண்டியில் பழம் வாங்கிக்கொண்டிருந்தவர்களும் திரும்பினார்கள். ஒருவர் செல்போனை எடுத்தார்.

"எல்லாரும் நிறுத்துங்க!" வைரவன் கத்தினார். தொண்டை கிழிந்துவிடும் போலிருந்தது. "அவர் குடிக்கிறவர் இல்ல. நான்தான் குடிகாரன்! லாரி ஆபீஸ் வைரவன்! என்னால விடமுடியல. விடணும். எங்கம்மா அந்தக் கூட்டம்?"

யாரும் சிரிக்கவில்லை.

பூக்காரம்மா அலுத்துக்கொண்டார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? மாதா கோயில் பள்ளிக்கூடம், பின்பக்க வாசல். வெரசாப் போங்க, ஆரம்பிச்சுருவாங்க. என் வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காரு."

பின்பக்க வாசலில் விளக்கு எரிந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர் வட்டமாக நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாசலைப் பார்த்து, "வாங்க" என்றார்.

வைரவன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள போய் நான் என்ன சாமி பேசறது? எனக்குப் பேசவே வராதே."

சாமி திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார்.

"இப்பத் தெருவுல பேசினீங்களே, அதேதான். இங்க கத்த வேண்டாம்."