மாடக்கண்ணு அண்ணாச்சி கட்டிப்போட்ட மின்னல்

ஜெசிந்தா கேண்டீனுக்கு ஓடிவந்தாள். இரண்டு மணிக்குச் செய்முறைத் தேர்வு. லேப் மோட்டாரின் இரும்பு உடம்பைத் தொட்டாலோ ஷாக்; ஊர்ப் பேச்சில் 'எர்த் அடிக்குது'. போன வாரம் ஒரு பெண்ணுக்குக் கை மரத்துப்போனதைக் கண்ணால் பார்த்தவள் அவள். லேப் அசிஸ்டெண்ட் இப்படிப் பதறிக்கொண்டு வந்தால், காலேஜ் எலக்ட்ரீசியன் மாடக்கண்ணு கேண்டீனில் வடையும் கையுமாக உட்கார்ந்து வாட்ச்மேன் இருளப்பனிடம் அளந்துகொண்டிருக்கிறார்!

"அண்ணாச்சி, மோட்டார்ல எர்த் அடிக்குது. வெளிய எர்த் குழி காஞ்சு கெடக்கு. தண்ணி ஊத்தி, வயரையும் பாருங்க."

"அடிக்கத்தானம்மா செய்யும்! நம்ம எர்த் அவ்வளவு பவரு. மத்த காலேஜ்ல எர்த்து செத்துக் கெடக்கு."

ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். கசியும் கரண்டைப் பூமிக்குள் இறக்கிவிட எர்த் இல்லாததால்தான் அடிக்கிறது என்று இந்த மனுசனுக்கு யார் சொல்வது?

"அந்தக் குழிய நாந்தான் தோண்டுனேன். உப்பும் கரியும் போடலாம்னு தோண்டுனா, பூமிக்கு அந்தப் பக்கத்துக்காரன் கைய நீட்டி, 'போதும் அண்ணாச்சி, இது எங்க வீட்டு அடுப்படி'ங்கான்!"

"தமிழ்லயா சொன்னான்?" என்றான் இருளப்பன்.

"கையில கெண்ணம் வச்சிருந்தாம்வே. உப்பு கேக்கதுக்குப் பாஷை எதுக்கு? அத விடும். போன ஐப்பசியில லைப்ரரி மேல மின்னல் விழுந்துச்சுல்லா? மொட்டைமாடிக் கம்பியப் புடிச்சு, செம்புப் பட்டை வழியா எறங்கி வந்து, எம் முன்னால கைகட்டி நிக்கு. 'குழிக்குள்ள போகட்டுமா'ன்னு கேக்கு. 'பிரின்சிபால் கையெழுத்து எங்க'ன்னேன். ஆபீசுக்குப் போச்சு. 'சாப்பாட்டு நேரம், நாளைக்கு வா'ன்னுட்டாவ. மூணு நாள் அலைஞ்சுது. நாலாம் நாள் மினுக்குக்கூட இல்லாம கருத்துப்போச்சு!"

இதை மட்டும் இருளப்பன் அப்படியே நம்பினான். அவனுடைய லீவு லெட்டருக்கும் அதே கதிதான்.

"பாவமேன்னு கூட்டியாந்து அந்த மோட்டாருக்குள்ள கட்டிப்போட்டேன். அடிக்கது அதுதான். என்னைய ஒண்ணும் செய்யாது."

"அப்ப ரப்பர் செருப்பக் கழத்திட்டு வந்து தொடுங்க" என்றாள் ஜெசிந்தா.

மாடக்கண்ணு வடையைக் கீழே வைத்தார். "இன்னைக்கு வெள்ளிக்கிழமைம்மா. மின்னலுக்கு விரதம்..."

"ரொம்ப நல்லது. விரதம்னா அடிக்காதுல்லா? தேர்வைத் தொடங்கி வைக்கப் பிரின்சிபால் வாராவ. அவுகளயே முதல்ல தொடச் சொல்லுதேன். அண்ணாச்சிதான் சொன்னாவன்னும் சொல்லுதேன்."

அடுத்த நிமிஷம் மாடக்கண்ணு ஒரு கையில் குடம், மறு கையில் டெஸ்டரோடு எர்த் குழியைப் பார்த்து ஓடினார்.

"எங்க ஓடுதிய அண்ணாச்சி?" என்று கத்தினான் இருளப்பன்.

"விரதம் இருந்ததுல மின்னலுக்கு நாக்கு வறண்டுட்டாம்வே!"