காலி வண்டி ஓட்டாத மூவர்

மொட்டையாம்பாளையத்தில் அறிவாளிகளுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அங்கே ஒரே ஒரு லாரிக்கே மூன்று அறிவாளிகள் இருந்தார்கள். ஓட்டுவதற்கு நாச்சிமுத்து. லோடு பிடிப்பதற்குக் காளியண்ணன். மற்ற வேலைகளையெல்லாம் கெடுப்பதற்கு நாச்சிமுத்துவின் மச்சினன் சென்னியப்பன். மூன்று பேரும் சமபங்குக் கூட்டாளிகள். லாபம் வந்தால் சரியாகப் பிரித்துக்கொள்வது என்று பேச்சு. அந்தப் பேச்சால் இன்றுவரை அவர்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை.

லாரிக்குப் பெரியவன் என்று பெயர். நாச்சிமுத்துவுக்கு மீசை முளைப்பதற்கு முன்பே ரோட்டுக்கு வந்துவிட்ட வண்டி. மேட்டில் இருமும், பள்ளத்தில் பறக்கும், சமதரையில் நின்று யோசிக்கும். நாச்சிமுத்துவுக்கு அதன்மேல் உயிர். பெண்டாட்டி பாவாயியின் பிறந்தநாள் அவனுக்குத் தெரியாது. பெரியவனுக்கு எந்த வெள்ளிக்கிழமை கடைசியாக கிரீஸ் அடித்தோம் என்பது தெரியும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண் விழுந்தது. கோழிப்பண்ணை தெய்வானையம்மாவின் முட்டை லோடுதான் மூன்று வீட்டுக்கும் சோறு போட்டது. ஒருநாள் அந்தம்மா நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு விட்டார்.

"ஏம்ப்பா, நான் ஏத்தி விடறது முட்டை. உன்ற வண்டியில போயி எறங்கறது ஆம்லெட்டு. தை பொறக்கறதுக்குள்ள புது வண்டியோட வா. இல்லாட்டி லோடை வேற ஆளுக்குக் குடுத்துருவேன், அப்புறம் என்னைக் குத்தஞ் சொல்லப்படாது."

நாச்சிமுத்து நேராக வீட்டுக்கு வந்து பாவாயியிடம் சொன்னான். அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். பழைய வண்டிகளை உடைப்பதற்கு அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருக்கிறது. வண்டியை உடைக்கிற யார்டில் ஒப்படைத்தால் ஒரு சர்டிபிகேட் தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டியில் நல்ல தள்ளுபடி. மீதிக்குத் தன் சீட்டுப் பணத்தைத் தருவதாகவும் சொன்னாள்.

புருஷனின் மூளையைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் சின்னப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள்: "பழசைக் குடு, சர்டிபிகேட்டை வாங்கு. சர்டிபிகேட்டைக் குடு, வண்டியை வாங்கு. எங்கீங்க, சொல்லுங்க பாக்கலாம்?"

நாச்சிமுத்து ஒரு தப்பும் இல்லாமல் ஒப்பித்தான். அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். பாவம், அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

மூன்று கூட்டாளிகளும் பெரியவனின் நிழலில் உட்கார்ந்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று பேசினார்கள். நாட்டுக்கு பட்ஜெட் போடுகிறவர்கள்கூட அவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

"ஏனுங்கண்ணா, வண்டியை வாங்கி என்ன பண்ணுவாங்க?" என்றான் நாச்சிமுத்து.

"உடைப்பாங்க. உடைச்சு உருக்குவாங்க. உருக்கிப் புது வண்டி பண்ணுவாங்க" என்றார் காளியண்ணன்.

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்பிடின்னா நம்ம பெரியவனையே உருக்கி நமக்கே புது வண்டியாக் குடுக்கறாங்க. பொறவு எதுக்குங் மாமா நாம காசு கட்டோணும்?"

நியாயமான கேள்வி. மூவரும் பெரியவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் காளியண்ணன் தொடையைத் தட்டினார்.

"அட, செய்கூலி சேதாரம் இல்லியா? பழைய தோட்டைப் போட்டுப் புதுத் தோடு எடுத்தா நகைக்கடைக்காரன் சும்மாவா குடுக்கறான்?"

எல்லோருக்கும் மனசு லேசாகிவிட்டது. வெறும் செய்கூலிதான் என்றால் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. யார்டுக்குப் போன் போட்டார்கள். அங்கிருந்த மேனேஜர் நல்ல மனுஷர். பொறுமையாக இரண்டே விஷயம் சொன்னார். "வண்டி முழுசா இருக்கணுங்க, எந்தப் பாகமும் குறையக் கூடாது. அப்புறம் டேங்க்ல டீசல் இல்லாம கொண்டாங்க."

முழுசா என்றால் இன்ஜினும் கியர்பாக்ஸும் இருக்க வேண்டும் என்று உங்களுக்கும் எனக்கும் புரியும். நம் ஆட்களுக்கு அப்படி அரைகுறையாகப் புரிந்துகொள்ளும் பழக்கமில்லை. பெரியவன் பிறந்ததிலிருந்து அவனிடமிருந்து கழன்றுபோனதையெல்லாம் தேடிக் கிளம்பினார்கள்.

இடது பக்கக் கதவு சென்னியப்பன் வீட்டு ஆட்டுப்பட்டிக்குக் கதவாக இருந்தது. அதைக் கழற்றிக்கொண்டு வந்தான். ஆடுகள் வெளியே போய்ப் பக்கத்துத் தோட்டத்துக் கடலைச்செடியைத் தின்றன. கிளீனர் சீட்டு டீக்கடையில் பெஞ்சாக இருந்தது. அதில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்திருக்க மறுத்ததால் சீட்டோடு சேர்த்துத் தூக்கிவந்து வண்டிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். சைடு கண்ணாடி சவரக்கடையில் தொங்கியது. அதைக் கழற்றும்போது ஒரு மனுஷனுக்குப் பாதிச் சவரம்தான் ஆகியிருந்தது. மீதிப் பாதியை அவர் அடுத்த வாரம் வைத்துக்கொண்டார்.

அடுத்தது டீசல். சென்னியப்பன் டேங்கைச் சொட்டு விடாமல் வடித்து ஒரு பேரலில் ஊற்றினான். நாச்சிமுத்து சாவியைத் திருகினான். பெரியவன் அசையவில்லை.

"என்ன மாப்ள, உயிரே இல்லியே?"

"டீசல் இல்லீங்க மாமா."

"ஏன் இல்லை?"

"டீசல் இல்லாமக் கொண்டாரச் சொன்னாங்களே."

மறுபடியும் கூட்டம் போட்டார்கள். தள்ளிக்கொண்டே போகலாமா என்று நாச்சிமுத்து கேட்டான். மூன்று பேரும் தள்ளினால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது என்று காளியண்ணன் கேட்டார். சென்னியப்பனுக்கு திடீரென்று முகம் பிரகாசமானது.

"டேங்க்லதானே டீசல் இருக்கப்படாது? பேரல்ல இருந்தா?"

பேரலைத் தூக்கிக் கேபின் தலைமேல் கட்டினார்கள். ஒரு டியூபை அதிலிருந்து நேராக இன்ஜினுக்கு இறக்கினார்கள். பெரியவன் இருமிக்கொண்டு எழுந்தான். மூவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். பாவாயி மட்டும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கிளம்பும்போது காளியண்ணன் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து அலறினார். "என்னப்பா இது, காலி வண்டி!"

இங்கே காளியண்ணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லாரிக்காரர்கள் யாருக்குமே காலியாக வண்டி ஓட்டப் பிடிக்காது. போகும்போது ஒரு லோடு, திரும்பும்போது ஒரு லோடு என்பதுதான் தொழில். காளியண்ணனுக்கோ அது தொழிலில்லை, குலதெய்வம். ஒருமுறை ஈரோட்டுக்குப் போக லோடு கிடைக்காமல் ஒரு வண்டி கல்லை ஏற்றிக்கொண்டு போனார். ஈரோட்டில் திரும்பி வர லோடு கிடைக்கவில்லை. அதே கல்லை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். இரண்டு பக்கமும் லோடோடு ஓட்டியதாக இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்கிறார்.

ஆகவே உடையப்போகிற வண்டிக்கும் லோடு பிடித்தார். தெய்வானையம்மா பண்ணையிலிருந்து கோழி எரு, போகிற வழியில் ஒரு மஞ்சள் தோட்டத்துக்கு. பெரியவன் தன் கடைசிப் பயணத்தை மணக்க மணக்கத் தொடங்கினான். சுங்கச்சாவடியில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கையால் போ போ என்று காட்டினார்கள்.

எருவை இறக்கி, வாய்க்காலில் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு யார்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மஞ்சள் தொப்பி போட்ட மேனேஜர் கேபின் மேலிருந்த பேரலைப் பார்த்தார், டியூபைப் பார்த்தார், நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தார்.

"டேங்க்ல சொட்டு டீசல் கெடையாதுங்க. நீங்களே தட்டிப் பாத்துக்கலாம்" என்றான் நாச்சிமுத்து.

மேனேஜர் தட்டிப் பார்க்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பதே உடம்புக்கு நல்லது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். எடை பார்த்து, எண்களைச் சரிபார்த்து, சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்துவிட்டார். நாச்சிமுத்து அதைச் சட்டைப் பையில் வைத்து பொத்தானையும் போட்டான்.

கேஸ் கட்டரை எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்தபோது அவனால் தாங்க முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதான். "அண்ணா, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மெதுவா அறுங்க. அங்க ஏற்கெனவே பவானியில அடிபட்டிருக்குது." கட்டர் பிடித்தவரும் நல்லவர்தான். இடது பக்கத்தை மெதுவாகவே அறுத்தார்.

நாச்சிமுத்து அழுதுகொண்டிருந்த நேரத்தில் காளியண்ணன் சும்மா நிற்கவில்லை. தொழில்காரர் அல்லவா? ஆபீசுக்குள் போய் மேனேஜரிடம் கேட்டார்.

"எங்க ஊர்ப்பக்கம், சங்ககிரிக்குப் போறதுக்கு லோடு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்கே. அங்க ஒரு பழைய இரும்புக் கடைக்கு அவசரமா ஒரு லோடு போகணும். வண்டி இருக்கா உங்ககிட்ட?"

காளியண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங், லாரிக்காரனைப் பாத்து வண்டி இருக்கான்னு கேக்கறீங்களே! வண்டி இல்லாமயா இங்க வந்தோம்?"

அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, மூவரும் டீயும் போண்டாவும் சாப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது லோடு தயாராகக் குவிந்து கிடந்தது. நாச்சிமுத்து அதை உற்றுப் பார்த்தான். மேலே கிடந்த துண்டில் அவன் கையால் எழுதிய 'முனியப்பன் துணை' பாதி தெரிந்தது.

"வண்டியை எடுத்துட்டு வாங்கய்யா, ஏத்தலாம்" என்றார் லோடுமேன்.

மூவரும் வண்டி நின்ற இடத்தைப் பார்த்தார்கள். அப்புறம் குவியலைப் பார்த்தார்கள். அப்புறம் மறுபடியும் வண்டி நின்ற இடத்தைப் பார்த்தார்கள்.

"அண்ணா," என்றான் நாச்சிமுத்து, "நம்ம வண்டிதான் லோடு."

"அது தெரியுது. லோடு ஏத்தற வண்டி எங்க?"

"அதுதானுங்கண்ணா இது."

சென்னியப்பன் கையை உயர்த்தினான். "இதுக்குப் போயி ஏன் மாமா மூஞ்சியத் தொங்கப் போடறீங்க? இந்தத் துண்டையெல்லாம் வெல்டிங் வெச்சு ஒட்டினா ஒரு முழு லாரி வரும். ஒண்ணுகூடக் குறையில்லாமத்தானே கொண்டாந்தோம்? அந்த லாரியில ஏறி ஊருக்குப் போயிரலாம்."

நாச்சிமுத்துவின் கண்ணில் ஒளி வந்தது. ஆனால் காளியண்ணன் அனுபவஸ்தர். விரலை ஆட்டினார்.

"யோசிக்காமப் பேசாத. எல்லாத் துண்டையும் ஒட்டிட்டா ஏத்தறதுக்கு லோடு ஏது? காலி வண்டியால்ல போகோணும்?"

"ஆமாங்கண்ணா, அதை நான் நெனைக்கவே இல்லை" என்று சென்னியப்பன் தலை குனிந்தான். நல்லவேளை, பெரிய தப்பு ஒன்று நடக்காமல் போனது.

பக்கத்தில் வண்டியை உடைக்கக் கொடுக்க வரிசையில் நின்றிருந்த ஒரு வயதான லாரிக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். துரைக்கண்ணு என்று பேர். அவருடைய லாரிக்குப் பெரியவன் பேரன் முறை ஆக வேண்டும். அவ்வளவு பழசு. பானெட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஒரு பக்க டயர் மற்றதோடு பேச்சுவார்த்தை இல்லாததுபோல் தனியாகச் சாய்ந்திருந்தது. அவர் மெதுவாக நாச்சிமுத்துவிடம் வந்தார்.

"தம்பி, அந்த சர்டிபிகேட்டை எனக்குக் குடுத்துருங்க. என் வண்டியை நீங்க எடுத்துக்கோங்க. எனக்கும் வரிசையில நிக்கிற வேலை மிச்சம்."

நாச்சிமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்தது. பழசைக் குடு, சர்டிபிகேட்டை வாங்கு. சர்டிபிகேட்டைக் குடு, வண்டியை வாங்கு. பாவாயி எவ்வளவு கெட்டிக்காரி! அவள் சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் நடக்கிறதே! சட்டைப் பைப் பொத்தானை அவிழ்த்தான். துரைக்கண்ணு காகிதத்தை வாங்கிக்கொண்டு, சாவியை அவன் கையில் திணித்துவிட்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி ஓடிய ஓட்டத்தை அந்த வயதில் யாரிடமும் பார்க்க முடியாது.

பெரியவனைத் துண்டு துண்டாக ஏற்றி, படுதா போட்டு, கயிறு இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வண்டி போன வேகத்துக்கு சங்ககிரி போய்ச் சேரும்போது இரும்புக்கடையைச் சாத்திவிட்டார்கள். காலையில் இறக்கிக்கொள்ளலாம் என்று லோடோடு ஊருக்கே வந்துவிட்டார்கள்.

வாசலில் பாவாயி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். புது வண்டி வாங்குமுன் சர்டிபிகேட்டையாவது கண்ணால் பார்க்கட்டும் என்று தெய்வானையம்மாவையும் வரச்சொல்லியிருந்தாள். கயிறு கட்டிய பானெட்டோடு அந்த லாரி வந்து நின்று, ஒரு பெருமூச்சு விட்டு, முன்பக்க பம்பரை அவள் காலடியில் போட்டது.

"ஏனுங்க," என்றாள் பாவாயி, "இது என்னது?"

"வண்டி. சர்டிபிகேட்டைக் குடுத்தேன், குடுத்துட்டாங்க. செய்கூலிகூடக் கேக்கலை."

"பின்னாடி இருக்கறது?"

"பெரியவன். காலி வண்டியா வரலை, அம்மிணி" என்று காளியண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்.

தெய்வானையம்மா லாரியை ஒருமுறை சுற்றி வந்தார். "தைக்கு இன்னும் நாளிருக்குது பாவாயி. உன்ற மூஞ்சிக்காகப் பொறுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

பாவாயி ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தாள். அழுவதா, அடிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு விடிஞ்சதும் இந்த வண்டியை அதே யார்டுல கொண்டுபோய்க் குடுக்கறீங்க. சர்டிபிகேட்டை வாங்கறீங்க. அதை யாருக்கும் குடுக்காம நேரா என்ற கையில கொண்டாந்து குடுக்கறீங்க. புரியுதா?"

மூன்று பேரும் தலையாட்டினார்கள். அவள் உள்ளே போனதும் சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, நாளைக்குப் போறப்ப லோடு? காலி வண்டியாப் போக முடியுமா?"

"ஏண்டா காலி வண்டி?" என்று நாச்சிமுத்து படுதாவைத் தட்டினான். "பெரியவன் பின்னாடியேதானே இருக்கறான். இரும்புக்கடை எங்க போகுது, இவனையே கொண்டுபோயி யார்டுல எறக்கிருவோம்."

எவ்வளவு பெரிய சிக்கல், எவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிட்டது! காளியண்ணன் நிம்மதியாகப் போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார்.

"ஏனுங், நாளைக்குக் காலையில நாங்க வர்றமுங்க. லோடோடதான் வர்றோம். நாங்க திரும்பறதுக்கு மட்டும் ஒரு லோடு எடுத்து வையுங்க. வண்டிக்குக் கவலையே வேண்டாம், அதை நாங்களே கொண்டாந்துருவோம்."