கல்லுக்கு ஏத்த டயர்

நொச்சிக்காட்டுப்பாளையத்தில் யாரையும் முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் ஊரே கூடி, அது நிஜந்தானா என்று பொழுது சாய்கிறவரை விசாரிக்கும். அந்த ஊர் நாச்சிமுத்துவிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது.

அந்த வருஷம் தக்காளி காய்த்துத் தள்ளியது. மண்டிக்குப் போக ஓடையைத் தாண்ட வேண்டும். ஓடைக்கு நட்டநடுவில் ஒரு கல். லோடு ஏற்றிய வண்டி அதன்மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. தக்காளி வீட்டுக்கே திரும்பியது. அப்புறம் காலையில் தக்காளிச் சட்னி, மத்தியானம் தக்காளி ரசம், ராத்திரிக்குத் தக்காளித் தொக்கு. ஒருநாள் அவன் பெண்டாட்டி பாவாத்தாள் துணிப்பையை எடுத்து வைத்துவிட்டாள்.

"அடுத்த லோடும் திரும்பி வந்துச்சுன்னா, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவனுங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான்.

நாச்சிமுத்து குப்பண்ணனிடம் ஓடினான். ஊரில் வண்டி விஷயம் தெரிந்தவர் அவர்தான். ஒருதரம் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவர். பெரிய டயராகப் போட்டால் கல்லைத் தாண்டிவிடலாம் என்றார். டயர் கடைக்காரருக்குப் போன் போட்டதற்கு, அவர் கல் எவ்வளவு உசரம் என்று பார்த்துக்கொண்டு வரச் சொன்னார்.

பார்த்தார்கள். ஆளுக்கொரு உசரம் சொன்னார்கள். முழம் போட்டால் கைக்குக் கை மாறும், கயிறு நனைந்தால் சுருங்கும். கடைசியில் கடப்பாரை போட்டுக் கல்லையே பெயர்த்து வண்டியில் ஏற்றினார்கள். அன்றைக்கு வண்டி வெண்ணெயில் விட்ட கத்தி மாதிரி ஓடையைத் தாண்டியது.

"பாத்தியா நாச்சி, டயர் வாங்கப் போறம்னதுமே வண்டிக்குத் தெம்பு வந்துருச்சு" என்றார் குப்பண்ணன்.

கடைக்காரர் கல்லைப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார். "கல்லுதான் இங்க வந்துருச்சே. இனி எதுக்குங்க டயரு?"

குப்பண்ணனுக்கு அந்த ஆள்மேல் பாவமாகப் போயிற்று. "கல்லத் திரும்ப வெக்காம, டயரு தாண்டுதா இல்லையான்னு எப்படீங்க தெரியும்?"

கடைக்காரர் தண்ணீர் குடித்துவிட்டு விளக்கினார். பாடியை உசத்தாமல் ஒரு சைஸ்தான் கூட்டலாம். இவர்கள் கேட்கிற சைஸ் போட்டால், லோடு ஏற்றினதும் வண்டி அமுங்கி, டயர் மேலே பாடியில் உரசும், உரசினால் கிழியும்.

நாச்சிமுத்து யோசித்தான். "லோடு ஏத்தாட்டி உரசாதுங்களே?"

"ஏத்தாட்டி உரசாது."

"அப்பப் பெருசே மாட்டுங்க. நாங்க ஏத்தாமப் பாத்துக்கறோம்."

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கல்லைப் பழைய குழியிலேயே வைத்து, ஆடாமல் மண் போட்டு இறுக்கினார்கள்.

மண்டி நாளன்று ஊர் ஆண்பிள்ளைகளெல்லாம் சும்மாடு கட்டி, தலைக்கொரு தக்காளிப் பெட்டியாகத் தூக்கிக்கொண்டார்கள். முன்னால் நாச்சிமுத்து காலி வண்டியை மெதுவாக ஓட்ட, பின்னால் அத்தனை பேரும் வேர்த்து வடிய நடந்தார்கள். வண்டி கல்மேல் உராயாமல் தாண்டியது. கைதட்ட எல்லாருக்கும் ஆசைதான். பெட்டியை யார் பிடிப்பது?

மண்டியில் தக்காளி விலை தரையோடு தரையாகக் கிடந்தது. கிடைத்ததற்கு விற்றார்கள். நாச்சிமுத்துவுக்குப் பாதி உயிர் வந்தது. கிளம்புகிற நேரத்தில் குப்பண்ணன் அவன் தோளைத் தொட்டார்.

"இத்தன தூரம் வந்துட்டு வெறுங்கையோடயா போறது? இந்த விலைக்குத் தக்காளி எங்க தேடினாலும் கெடைக்காது நாச்சி."

அதுவும் நியாயம்தான். நல்லதாகப் பார்த்து, தாங்கள் இறக்கிய பெட்டிகளையே பொறுக்கி, கமிஷனும் கொடுத்து வாங்கினார்கள். மறுபடி சும்மாடு, மறுபடி தலை, மறுபடி ஓடை.

பாவாத்தாள் கையில் பையோடு வாசலில் நின்றாள். நாச்சிமுத்து வண்டியை விட்டு இறங்கி, ஒரு பெட்டியை வாங்கி அவள் முன்னால் வைத்தான்.

"இது அந்தத் தக்காளி இல்ல புள்ள. அது வித்துப்போச்சு. இது காசு குடுத்து வாங்குனது."

பாவாத்தாள் ஒரு பழத்தை எடுத்தாள். அமுக்கினாள், மோந்து பார்த்தாள், ஒரு கடி கடித்தாள். பை தானாகக் கீழே இறங்கியது.

"அதான பாத்தேன்! நம்ம காட்டுல வெளையறது எங்க இப்படி இருக்குது? அடுத்த வருஷம் இந்த வெதையவே வாங்கிப் போடுங்க."